அம்மா குளிக்க நிமிடத்துக்கு ஒன்பது லிட்டர்

அம்மா எங்களோடு வந்து தங்க ஆரம்பித்தது போன ஐப்பசியில். வயது 71. வலது தோள் இறுகிப்போய், கையைக் காதுக்கு மேலே தூக்க முடியாத நிலை. மக்கில் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ள முடியாது. வெள்ளிக்கிழமை எண்ணெய் வைத்து, சீயக்காய் போட்டுக் குளிக்கிற வழக்கத்தை விடவும் மனசு வரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, இடது கையில் டெலிபோன் ஷவரைப் பிடித்துக் குளித்துக்கொள்ளட்டும் என்று ஒன்று வாங்கி மாட்டினேன். திறந்தால் தண்ணீர் முனையிலிருந்து வழிந்ததே தவிர, பீய்ச்சவில்லை. சீயக்காய்த் தூள் முடியிலேயே நின்றது. நான்தான் உள்ளே போய் மொண்டு ஊற்றினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெயே வைக்கவில்லை.

பம்ப் வாங்க வேண்டும் என்று நான் முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

எங்கள் வீடு கோயம்புத்தூரில். கீழே வாடகைக்கு விட்டிருக்கிறோம், மாடியில் நாங்கள். மொட்டைமாடியில் நல்ல தண்ணிக்கு ஒரு டேங்க், போர்வெல் உப்புத் தண்ணிக்கு 1000 லிட்டர் டேங்க் ஒன்று. குளிக்க, துவைக்க எல்லாம் உப்புத் தண்ணிதான். அதன் பக்கத்திலேயே கண்ணாடிக் குழாய் வைத்த சோலார் ஹீட்டர். இந்த ஊரில் பல வீடுகளின் மொட்டைமாடி இப்படித்தான் இருக்கும். இது பம்ப் செய்கிற ஊர் வேறு. தெருவுக்கு ஒருவராவது பம்ப் கம்பெனியிலோ ஃபவுண்டரியிலோ வேலை பார்த்தவர் இருப்பார். யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்: "அரை எச்.பி. போடுங்க, அடிச்சு ஊத்தும்."

கடையிலும் அதையேதான் சொன்னார்கள். அரை எச்.பி. பம்ப், அதன் தலையில் ஆட்டோமேட்டிக் பிரஷர் சுவிட்ச். குழாயைத் திறந்தால் தானே ஓடும், மூடினால் தானே நிற்கும். பிளம்பர் தம்பி அதை உப்புத் தண்ணி டேங்க் அவுட்லெட்டில் மாட்டிவிட்டுப் போனார். ஷவரைத் திறந்தோம். நிஜமாகவே அடித்து ஊற்றியது. அம்மா முகத்தில் சிரிப்பு.

அந்தச் சிரிப்பு இரண்டு நாள்தான். முதலில் சத்தம். பம்ப்பைத் தளத்தின் மேலேயே போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள், அதற்கு நேர் கீழே எங்கள் படுக்கையறை. ஃப்ளஷ் டேங்க் வால்வில் லேசான கசிவு இருந்திருக்கிறது. சொட்டுச் சொட்டாகப் போகும் அந்தத் தண்ணீரால் லைனில் பிரஷர் இறங்க, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பம்ப் 'டக்' என்று ஓடி, 'டக்' என்று நின்றது. ராத்திரி முழுக்க. இரண்டாவது, சுடுதண்ணீர் வருவது நின்றுபோனது. சுடுதண்ணீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து வரும் மிக்சர் குழாயை எவ்வளவு திருப்பினாலும் பச்சைத் தண்ணீர்தான். மூன்றாவதுதான் பெரியது. மூன்றாம் நாள் காலையில் மொட்டைமாடிக்குப் போனால் குளம் மாதிரி தண்ணீர் நிற்கிறது. சோலார் டேங்க்கின் காற்றுக்குழாயிலிருந்து விடாமல் வழிந்துகொண்டிருந்தது. பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது. டேங்க்கில் பாதித் தண்ணீர் போய்விட்டது.

எதிர் வீட்டுப் பெரியவர் ஒரு பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர். சத்தம் கேட்டு அவராகவே மேலே வந்தார். பம்ப் சுவிட்சை அணைத்தார். எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "அம்மணி, பம்ப்பை அப்புறம் பாக்கலாமுங்க. தண்ணி எங்க நிக்குதுன்னு மொதல்ல பாக்கோணும். ஒரு பக்கெட்டு, ஒரு செல்போன் எடுத்துட்டு வாங்க."

எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பக்கெட்டில் கற்றதுதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பத்து லிட்டர் பக்கெட் நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று செல்போனில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பம்ப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஒவ்வோர் இடமாக அளந்தோம். டேங்க் அவுட்லெட்டில் யூனியனை, அதாவது குழாயை வெட்டாமல் கழற்றி மாட்டுகிற இணைப்பை, கழற்றி வைத்தபோது 14 வினாடி. குளியலறையில் கீழே இருக்கும் பக்கெட் குழாயில் 55 வினாடி. டெலிபோன் ஷவரில் மூன்று நிமிடம் 20 வினாடி, அதாவது நிமிடத்துக்கு மூன்று லிட்டர். அடுத்து ஷவர் முனையை மட்டும் கழற்றிவிட்டு வெறும் ஹோசில் அளந்தோம். ஒரு நிமிடம் 40 வினாடி, நிமிடத்துக்கு ஆறு லிட்டர். "பாத்தீங்களா, வந்த தண்ணில பாதிய இந்த முனையே புடிச்சு வெச்சுக்குது" என்றார். புதிதாக வாங்கி மூன்று வாரம் கூட ஆகவில்லை. அதற்குள் உப்பு ஓட்டைகளில் வெள்ளையாகப் படிந்திருந்தது.

ஷவர் முனையை வினிகரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டோம். மிக்சருக்குப் போகும் இரண்டு ஆங்கிள் வால்வுகளைக் கழற்றினால் உள்ளே சின்ன வலை. அதில் உப்பும் மணலும் பிசின் மாதிரி அப்பிக் கிடந்தது. மொட்டைமாடியில் பழைய கேட் வால்வு ஒன்று இருந்தது. பிடி முழுக்கத் திறந்த மாதிரி சுற்றியது, உள்ளே தகடு துருப்பிடித்துப் பாதியில் நின்றிருந்தது. அதை எடுத்துவிட்டு பால் வால்வு (ball valve, உள்ளே உருண்டை வைத்தது) போட்டோம். இதற்கெல்லாம் ஆன செலவு ஆயிரம் ரூபாய்க்குள். மறுபடி அளந்தோம். டெலிபோன் ஷவரில் நிமிடத்துக்கு ஐந்து லிட்டர். பம்ப் எதுவும் இல்லாமலே மூன்று ஐந்தாகியிருந்தது. பலருடைய வீட்டில் இந்த இடத்திலேயே வேலை முடிந்துவிடும் என்று நினைக்கிறேன். தரைத்தளத்தில் குளியலறை இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் முடியும். எங்களுக்கு முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்பதற்கு அவர் ஒரு கணக்குப் போட்டார். மாடித் தரையிலிருந்து டேங்க்கின் அடிப்பகுதி 13 அடி உயரத்தில் இருக்கிறது. சராசரியாக டேங்க்கில் இரண்டடி தண்ணீர் நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து ஷவரைப் பிடிப்பது தரையிலிருந்து நாலடி உயரத்தில். ஆக, தண்ணீர் மட்டத்துக்கும் ஷவருக்கும் நடுவே 11 அடி, ஏறத்தாழ 3.3 மீட்டர். பத்து மீட்டர் தண்ணீர் உயரம் இருந்தால்தான் ஒரு கிலோ பிரஷர், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. எங்களிடம் இருப்பது மூன்றில் ஒரு பங்கு. சுவரில் ஏழடி உயரத்தில் மாட்டியிருக்கும் ஷவருக்கு இன்னும் மோசம், கால் கிலோகூடக் கிடையாது. கீழ் வீட்டுக்காரர்களுக்கு இதோடு இன்னொரு மாடி உயரம் சேர்ந்துவிடும். அவர்கள் ஒருநாளும் குறை சொல்லாததற்குக் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"டேங்க்கை உயர்த்தி வெச்சா?" என்று கேட்டேன். ஐந்தடி உயர்த்தினால் கிடைப்பது ஒன்றரை மீட்டர்தான். 1000 லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. அதைத் தாங்க நாலு தூண் எழுப்பி, பீம் போட்டு, பில்டிங் தாங்குமா என்று இன்ஜினியரிடம் காட்டி... பெரியவர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார்.

அப்புறம் கேட்டார், "அம்மாவுக்கு எவ்வளவு தண்ணி வேணுமுங்க?" நான் விழித்தேன். அதிகமாக வேண்டும் என்றுதான் எனக்குத் தெரியும், எவ்வளவு என்று தெரியாது. அம்மா இதற்கு முன் அக்காவின் அபார்ட்மென்ட்டில் ஒரு மாதம் இருந்தார். அங்கே ஷவர் நன்றாக இருந்தது என்று அடிக்கடி சொல்வார். பக்கெட்டை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். 67 வினாடியில் நிறைந்தது. நிமிடத்துக்கு ஒன்பது லிட்டர். எனக்கு வேண்டியது கையில் கிடைத்துவிட்டது: ஐந்தை ஒன்பதாக்க வேண்டும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தண்ணீர் இரண்டு மடங்கு வேண்டுமென்றால் பிரஷர் இரண்டு மடங்கு போதாது, ஏறக்குறைய நாலு மடங்கு வேண்டும். ஐந்திலிருந்து ஒன்பதுக்குப் போக மூன்றேகால் மடங்கு. 3.3 மீட்டரை மூன்றேகாலால் பெருக்கினால் பத்தரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். அதில் 3.3 டேங்க்கே கொடுக்கிறது. மீதி ஏழரை மீட்டர் போல பம்ப் கொடுத்தால் போதும். நான் வாங்கிய அரை எச்.பி. பம்ப்பின் நேம் பிளேட்டில் 35 மீட்டர் என்று போட்டிருந்தது. தேவையைப் போல நாலரை மடங்கு. அது ஓடிய நாட்களில் பழைய ஆங்கிள் வால்வு ஒன்று கசிய ஆரம்பித்ததும் அதனால்தான்.

நேம் பிளேட்டைப் படிக்கவும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். அதில் இரண்டு எண்கள் இருக்கும். அதிகபட்ச ஹெட், அதாவது தண்ணீரைத் தள்ளுகிற உயரம், இத்தனை மீட்டர்; அதிகபட்ச ஃப்ளோ நிமிடத்துக்கு இத்தனை லிட்டர். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. ஹெட் அதிகபட்சமாக இருக்கும்போது தண்ணீர் பூஜ்யம். தண்ணீர் அதிகபட்சமாக வரும்போது ஹெட் பூஜ்யம். தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு வளைவு வரைந்து காட்டினார். நாம் வாழ்வது இந்த வளைவின் நடுவில். கடையில் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை எச்.பி.?" என்பதல்ல. "நிமிடத்துக்கு ஒன்பது லிட்டர் வரும்போது இந்த பம்ப் எத்தனை மீட்டர் கொடுக்கும்?" என்பதுதான். நல்ல கம்பெனி பம்ப்பின் அட்டைப்பெட்டியிலோ உள்ளே இருக்கும் தாளிலோ அந்த வளைவு இருக்கும். அதைக் காட்டத் தெரியாத கடையில் வாங்காதீர்கள் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

இந்த வேலைக்கு வரும் பம்ப்புகள் சுமாராக மூன்று ரகம். நான் முதலில் வாங்கியது பெரிஃபெரல் ரகம். கொஞ்சம் தண்ணீரை வெகு உயரத்துக்கு அனுப்பும். ஆனால் சத்தம் போடும், உள்ளே இடைவெளி மிகக் குறைவு என்பதால் மணல் பட்டால் சீக்கிரம் தேயும். இரண்டாவது, குழாயின் நடுவிலேயே மாட்டுகிற சின்ன இன்லைன் பம்ப். 100, 120 வாட் போலத்தான் இழுக்கும். மோட்டாரைத் தண்ணீரே குளிர வைப்பதால் ஃபேன் கிடையாது, சத்தமும் இல்லை. தண்ணீர் ஓடுவதை ஃப்ளோ சுவிட்ச் உணர்ந்து ஓட வைக்கும். அதனால் பம்ப் இல்லாமலே கொஞ்சமாவது தண்ணீர் இறங்கினால்தான் அது எழும்பும். குழாய் அடைத்துக் கிடக்கிற வீட்டில் இதை மாட்டினால் எழும்பாது. இன்னொரு வசதி, ஃப்ளஷ் டேங்க் சொட்டுகிற அளவுத் தண்ணீருக்கெல்லாம் இது எழும்பாது. மூன்றாவது, வேகத்தைத் தானே கூட்டிக் குறைத்து பிரஷரை ஒரே நிலையில் வைக்கும் இன்வெர்ட்டர் ரகம். நாலைந்து குளியலறை இருக்கும் வீட்டுக்கு அதுதான் சரி, விலையும் அதற்கேற்ற மாதிரி. ஒரே ஒரு குளியலறைக்கு எனக்கு அது தேவைப்படவில்லை.

இனி சோலார். மொட்டைமாடியில் குளம் கட்டிய கதை இங்கேதான் இருக்கிறது. சோலார் டேங்க்குகளில் பெரும்பாலானவை பிரஷர் தாங்காத ரகம்; அதனால்தான் மேலே திறந்த காற்றுக்குழாய் வைத்திருப்பார்கள். மிக்சருக்குள் பச்சைத் தண்ணீரும் சுடுதண்ணீரும் ஒன்றுசேர்கின்றன. பச்சைத் தண்ணீர் லைனை மட்டும் பம்ப் வைத்துத் தள்ளினால், அது மிக்சர் வழியாகச் சுடுதண்ணீர் லைனுக்குள் புகுந்து, பின்னாலேயே மேலே ஏறி, சோலார் டேங்க்கை நிரப்பி, காற்றுக்குழாய் வழியே வெளியே கொட்டும். அம்மா மிக்சரை மூடாமல், கையிலிருக்கும் ஷவரின் பட்டனை மட்டும் அழுத்தி நிறுத்திவிட்டு வந்திருக்கிறார். ராத்திரி முழுக்க தண்ணீர் அந்த வழியாகப் போயிருக்கிறது. அம்மா மேல் தப்பே இல்லை. யார் வீட்டிலும் அப்படித்தான் நிறுத்துவார்கள்.

இதைவிட மோசமானது, டேங்க்கிலிருந்து சோலாருக்குப் போகும் லைனிலேயே பம்ப்பை வைப்பது. அப்படி வைத்தால் பிரஷர் நேராக சோலார் டேங்க்குக்குள் போகும். டேங்க் கெட்டுப்போகும். யார் சொன்னாலும் அனுமதிக்காதீர்கள்.

ஆகவே ஒரே மாதிரி இரண்டு இன்லைன் பம்ப் வாங்கினேன். ஒன்று பச்சைத் தண்ணீருக்கு, ஒன்று சோலாரிலிருந்து வெளியே வரும் லைனுக்கு. ஒன்று ஐந்தாயிரத்துச் சொச்சம். கோடையில் சோலார் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருக்கும், ஆகவே சுடுதண்ணீர் தாங்கும் ரகமா, எத்தனை டிகிரி வரை என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். மிக்சருக்கு முன்னால் இரண்டு லைனிலும் ஒவ்வொரு என்.ஆர்.வி. போட்டோம்; தண்ணீர் ஒரு திசையில்தான் போகும், திரும்பாது. இனி அம்மா பட்டனை மட்டும் அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது.

மாட்டும்போது பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டிய சில விஷயங்கள் இருந்தன. இந்த ரக பம்ப்பில் உள்ளே இருக்கும் ஷாஃப்ட் படுக்கை வாட்டில் இருக்க வேண்டும். குழாய் நிமிர்ந்திருக்கலாம், மோட்டார் வானத்தைப் பார்க்கக் கூடாது. பிளம்பர் தம்பி அவசரத்தில் அப்படித்தான் வைக்கப் போனார். "தம்பி, அதைக் கொஞ்சம் பக்கவாட்டுல திருப்புங்க" என்று பெரியவர் சொன்னதும் திருப்பினார். பம்ப் டேங்க்கின் அடிமட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். தண்ணீர் தானாகவே இறங்கி அதை நிரப்பி வைக்கும். முன்னால் ஒரு ஸ்ட்ரெய்னர், மணல் வராமல் இருக்க. இரண்டு பக்கமும் யூனியனும் பால் வால்வும், நாளைக்குக் கழற்ற வசதியாக. பம்ப்பைச் சுற்றி ஒரு பைபாஸ் லைன். கரன்ட் இல்லாத நேரத்தில் பழையபடி ஐந்து லிட்டராவது வரும். மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்க கரன்ட் நிறுத்துகிற நாளில் அதன் அருமை தெரியும். மொட்டைமாடி டேங்க் லைனில் பிளம்பர்கள் வழக்கமாக ஒரு காற்றுக்குழாய் வைத்திருப்பார்கள். அது பம்ப்புக்கு முன்னால் இருந்தால் பரவாயில்லை. பம்ப்புக்குப் பின்னால் இருந்தால் தண்ணீர் அதன் வழியே ஊற்றாகக் கிளம்பும், அடைத்துவிட வேண்டும்.

குளிக்கிற தண்ணீரோடு மின்சாரம் சேர்கிற இடம் இது. அதில் மட்டும் நான் சிக்கனம் பார்க்கவில்லை. எலெக்ட்ரீஷியனை வரச்சொல்லி, எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதித்து, பம்ப்புகளுக்குத் தனியாக எம்.சி.பி.யும் (கரன்ட் அளவுக்கு மீறினால் அணைக்கிற சுவிட்ச்) 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (கரன்ட் கசிந்தால் அணைக்கிற சுவிட்ச்) வைத்தோம். மழை படாமல் மேலே ஒரு கூரை. உப்புத் தண்ணி டேங்க்கில் தண்ணீர் அடியில் போனால் பம்ப்பை நிறுத்துகிற ஃப்ளோட் சுவிட்ச் ஒன்று. தண்ணீர் இல்லாமல் ஓடினால் இந்தச் சின்ன பம்ப் தாங்காது.

முதல் வாரம் சுடுதண்ணீர் பக்கம் ஷவர் 'புஸ், புஸ்' என்று காற்றோடு துப்பியது. டேங்க்கிலிருந்து சோலாருக்கு வரும் குழாய் முக்கால் அங்குலம். பம்ப் இழுக்கிற வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. சோலார் டேங்க்கில் மட்டம் இறங்கி, காற்றுக்குழாய் வழியாகக் காற்று உள்ளே வந்திருக்கிறது. அந்த ஒரு துண்டை மட்டும் ஒரு அங்குலக் குழாயாக மாற்றியதும் துப்புவது நின்றது. பெரிய பம்ப் வைத்திருந்தால் இது தீர்ந்தே இருக்காது.

வேலை முடிந்த அன்று பக்கெட்டை வைத்தோம். 65 வினாடி.

கரன்ட் செலவைப் பலர் கேட்கிறார்கள். இரண்டும் சேர்த்து 240 வாட். ஒரு நாளைக்கு எல்லோரும் குளிக்க மொத்தம் ஒரு மணி நேரம் ஓடினால் கால் யூனிட். இரண்டு மாத பில்லில் 15 யூனிட்டுக்குள். தண்ணீர் செலவுதான் கவனிக்க வேண்டியது. நிமிடத்துக்கு ஒன்பது லிட்டர் என்றால் எட்டு நிமிடக் குளியலுக்கு 72 லிட்டர், பக்கெட்டில் குளிப்பதைப் போல இரண்டு மடங்கு. என் மகனுக்கு ஷவரில் நிற்பது பிடித்துப்போய்விட்டது. அவனைப் பக்கெட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். இந்த ஷவர் பாட்டிக்கு.

இன்னொன்று. மாநகராட்சிக் குழாயில் நல்ல தண்ணீர் மெதுவாக வருகிறது என்று அந்த லைனிலேயே நேராக பம்ப் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சட்டப்படி குற்றம், மோட்டாரைப் பறிமுதல் செய்வார்கள். அதைவிட, அடுத்த வீட்டுக்குப் போக வேண்டிய தண்ணீரை உறிஞ்சி எடுக்கிற வேலை அது. குழாயில் எங்காவது விரிசல் இருந்தால் சாக்கடைத் தண்ணீரும் சேர்ந்து உள்ளே வரும். நான் இங்கே சொல்வதெல்லாம் நம் டேங்க்கில் சேர்த்த தண்ணீரைப் பற்றி மட்டும்தான்.

அந்த அரை எச்.பி. பம்ப்பைக் கடையில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஊரில் தம்பி வீட்டுத் தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டேன், சொட்டுநீர்க் குழாய்க்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

எல்லாம் முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் அம்மா எண்ணெய்க் கிண்ணத்தைக் கேட்டார். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வெளியே நின்றேன். உள்ளே ஷவர் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. இருபது நிமிடம் கழித்து ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தானாகவே வந்தார். "தலையில தூளே நிக்கல கண்ணு" என்றார்.

ஆறு மாதம் ஆகிறது. சுடுதண்ணீர் பம்ப்பின் சத்தம் லேசாக மாறியிருக்கிறது, பக்கெட் நிறைய 74 வினாடி ஆகிறது. உள்ளே உப்பு கட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை பெரியவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். சுவிட்சை அணைத்து, இரண்டு வால்வையும் மூடி, பம்ப்பைக் கழற்றி, சிட்ரிக் ஆசிட் தூள் கரைத்த தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். கசியாமல் இருக்க உள்ளே போடுகிற ரப்பர் வளையம், ஓ-ரிங், ஒன்று புதிதாக வாங்கி வைத்திருக்கிறேன்.